பக்கத்தில் வைக்கும் வசனம்

கிறிஸ்தவர்களை அதிகம் பிரித்த விவிலியப் பகுதி எது என்று கேட்டால் நான் யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைச் சொல்வேன். பேதுருவைப் பற்றிய மத்தேயு 16ஐ வேண்டுமானால் அதற்கு இணையாக வைக்கலாம். ஆனால் அது ஆட்சி யாருக்கு என்ற வழக்கு. யோவான் 6 ஒவ்வொரு ஞாயிறும் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும் சாதாரண விசுவாசியின் வாயையும் கையையும் தொடுகிற வழக்கு.

ஐயாயிரம் பேர் அப்பம் உண்ட மறுநாள், கப்பர்நகூம் தொழுகைக்கூடத்தில் இயேசு பேசுகிறார். விண்ணிலிருந்து இறங்கி வந்த அப்பம் தாமே என்கிறார். 53ஆம் வசனத்தில் பேச்சு கடுமையாகிறது: மனுமகனின் சதையை உண்டு, அவர் இரத்தத்தைக் குடிக்காதவர்களுக்கு வாழ்வு கிடையாது. பத்து வசனம் தள்ளி, 63ஆம் வசனத்தில், ஊன் ஒன்றுக்கும் உதவாது, வாழ்வு தருவது ஆவியே என்கிறார். கேட்டவர்கள் முணுமுணுத்தார்கள்; சீடர்களில் பலர் அத்தோடு விலகிப் போனார்கள் என்று அதே அதிகாரம் பதிவு செய்கிறது. இந்தப் பகுதியைப் பற்றிய முதல் சண்டை பகுதிக்குள்ளேயே நடந்துவிட்டது.

கத்தோலிக்கரும் கிழக்குத் திருச்சபையாரும் இதை நேர்ப்பொருளில் எடுக்கிறார்கள், புராட்டஸ்டண்டுகள் உருவகமாக எடுக்கிறார்கள் என்று ஒரு விளக்கம் எல்லா இடங்களிலும் சொல்லப்படுகிறது. வரலாற்றை எடுத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை. ஒரே ஆள் ஒரே வசனத்தை ஓரிடத்தில் உருவகமாகவும் இன்னோரிடத்தில் நேராகவும் எடுத்திருக்கிறார். ஜென்ம விரோதிகளாக நின்ற இருவர் இதே அதிகாரத்தைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நான் பார்த்த அளவில், பொருளைத் தீர்மானித்தது அந்த வசனத்தின் பக்கத்தில் வேறு எந்த வசனத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதுதான். எதை வைப்பது என்பதை அந்தச் சபையின் வழக்கமும், அது அன்று எதற்கு அஞ்சியது என்பதும் முடிவு செய்தன.

ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனிடமிருந்து தொடங்கலாம். மறைநூலை எப்படிப் படிப்பது என்று அவர் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு விதி சொல்கிறார்: ஒரு கட்டளை குற்றம் செய்யச் சொல்வதுபோல் தோன்றினால் அதை உருவகமாகக் கொள்ள வேண்டும். அதற்கு அவர் காட்டும் உதாரணம் யோவான் 6:53. மனித சதையை உண்பது கொடுமை. எனவே ஆண்டவரின் பாடுகளில் பங்குகொள்வதும், அவர் உடல் நமக்காகக் காயப்பட்டதை நினைவில் காப்பதுமே இதன் பொருள் என்கிறார். இது ஏறக்குறைய 397இல் எழுதியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 412இல், பச்சிளங் குழந்தைகளுக்குப் பிறவிப் பாவம் உண்டா என்ற விவாதத்தில் அதே 53ஆம் வசனத்தை மறுபடியும் எடுக்கிறார். இந்த முறை பக்கத்தில் வைப்பது யோவான் 3:5, நீராலும் ஆவியாலும் பிறவாதவருக்கு இறையாட்சியில் இடமில்லை என்ற வசனம். திருமுழுக்கு இல்லாமல் குழந்தைக்கு மீட்பில்லை என்றால், திருவுடலும் திருஇரத்தமும் இல்லாமல் வாழ்வும் இல்லை என்று வாதிடுகிறார். இங்கே உண்பது என்றால் உண்பதேதான். கார்த்தேஜ் பகுதிக் கிறிஸ்தவர்கள் திருமுழுக்கை மீட்பு என்றும் நற்கருணையை வாழ்வு என்றுமே அழைக்கிறார்கள், இது அப்போஸ்தலர் காலத்து மரபு என்று ஊர் வழக்கத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார். குழந்தைகளுக்கு நற்கருணை ஊட்டுவது அவர் கண்முன் நடந்த காரியம். வழக்கம் முன்னே நின்றது. வசனம் அதற்கு அரணாக வந்தது.

இதைக் கொண்டு அகுஸ்தீன் முன்னுக்குப்பின் முரணானவர் என்று சொல்லிவிடக் கூடாது. ஒன்று, எப்படி உண்பது என்ற கேள்விக்கான பதில். மற்றொன்று, யார் உண்பது என்ற கேள்விக்கான பதில். ஆனால் பின்வந்தவர்கள் அவரைப் பாதி பாதியாகப் பிய்த்துக்கொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் எல்லாத் தரப்பும் அகுஸ்தீனை மேற்கோள் காட்ட முடிந்ததற்கு இதுவே காரணம்.

கிழக்கில் அந்தப் பழைய வழக்கம் அறுபடவே இல்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் குழந்தை திருமுழுக்குப் பெற்ற கையோடு நற்கருணையும் பெறுகிறது. பைசாந்திய முறையில் அப்பத்துணுக்கைத் திராட்சை இரசத்தில் தோய்த்துச் சிறு கரண்டியால் ஊட்டுவார்கள். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையிலும் குழந்தைகளுக்கு நற்கருணை உண்டு. மேற்கில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இது மறைந்தது. சிந்திவிடுமோ என்ற அச்சத்தில் பொதுநிலையினருக்குக் கிண்ணம் கொடுப்பது மெல்ல நின்றது. அப்பத்தை விழுங்க முடியாத குழந்தைகள் துளி இரசத்தையே பெற்றுவந்தவர்கள் என்பதால், கிண்ணம் போனதும் அவர்களுடைய பங்கும் போயிற்று. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விவரம் தெரிந்த வயதை எட்டியவர்களுக்கே ஆண்டுக்கொரு முறை நற்கருணையைக் கடமையாக்கியது. அப்போது மேற்குத் திருச்சபை பக்கத்தில் வைத்துக்கொண்ட வசனம் 1 கொரிந்தியர் 11:28: ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்து அறிந்த பின்னரே உண்ண வேண்டும். கிழக்கு யோவான் 6ஐ முன்னே வைத்துக் கொரிந்தியரைப் பெரியவர்களுக்கு உரியதாகக் கொண்டது. மேற்கு கொரிந்தியரை முன்னே வைத்தது. இரு பக்கமும் ஒரே புத்தகம்தான்.

கிண்ணம் கொடுக்கும் இந்த மறைந்த வழக்கம்தான் பொஹீமிய நாட்டின் பிராகா நகரில் போராக வெடித்தது. 1414இல் அங்கிருந்த பல்கலைக்கழக ஆசிரியர் யாகூபெக், 53ஆம் வசனத்தில் உண்பதும் குடிப்பதும் சேர்ந்தே வருவதைச் சுட்டினார். எல்லாரும் பருகுங்கள் என்று கிண்ணத்தைக் கொடுத்த மத்தேயு 26:27ஐ அதன் பக்கத்தில் வைத்தார். கிண்ணத்தை மக்களிடமிருந்து பறித்தது யார் என்ற கேள்வி எழுந்தது. 1415 ஜூன் 15 அன்று கான்ஸ்தான்ஸ் பொதுச்சங்கம் மக்களுக்குக் கிண்ணம் தருவதைத் தடை செய்தது. மூன்று வாரத்தில், ஜூலை 6 அன்று, பிராகாவின் சீர்திருத்தப் போதகர் யான் ஹஸ் அதே கான்ஸ்தான்ஸ் நகரில் எரிக்கப்பட்டார். பொஹீமியர்களின் கொடியில் கிண்ணம் ஏறியது. 1420இல் அவர்கள் வைத்த நான்கு கோரிக்கைகளில் கிண்ணமும் ஒன்று. யாகூபெக் அதோடு நிற்காமல் குழந்தைகளுக்கு நற்கருணை தருவதையும் மீட்டெடுத்தார்; அகுஸ்தீனின் அந்த மறு பாதி ஆயிரம் ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. நீண்ட போருக்குப் பின் 1436இல் பாசெல் பொதுச்சங்கத்தோடு உடன்பாடு ஏற்பட்டுக் கிண்ணம் அனுமதிக்கப்பட்டது. 1462இல் இரண்டாம் பத்திநாதர் என்ற திருத்தந்தை அதை ரத்து செய்தார்.

இனிதான் வியப்பான திருப்பம். ஹஸ் கட்சியாரின் வாதத்துக்கு அடித்தளமே தராமல் செய்ய ஒரு வழி இருந்தது: யோவான் 6 நற்கருணையைப் பற்றியதே அல்ல, விசுவாசத்தைப் பற்றியது என்று சொல்லிவிடுவது. கர்தினால் கயெத்தான் அப்படித்தான் விளக்கம் எழுதினார். 1518இல் ஆக்ஸ்பர்க்கில் மார்ட்டின் லூத்தரை விசாரித்தவர் இவரேதான். லூத்தரும் 1520இல், திருச்சபையின் பாபிலோனிய அடிமைத்தனம் குறித்த தம் நூலில், ஆறாம் அதிகாரத்தை இந்த விவாதத்திலிருந்து முற்றாக விலக்க வேண்டும் என்றார். மக்களுக்குக் கிண்ணம் வேண்டும் என்பதில் அவர் பொஹீமியர் பக்கம். அதை இந்த அதிகாரத்திலிருந்து நிறுவுவதை மட்டும் ஏற்கவில்லை. விசாரணை செய்தவரும் விசாரிக்கப்பட்டவரும் ஒரே இடத்தில் நின்றார்கள், வெவ்வேறு காரணங்களுக்காக. விவிலிய விளக்கத்தைக் கட்சி வாரியாகப் பிரித்துப் பட்டியல் போடுகிற கையேடுகளை நான் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

இதே அதிகாரம் மீண்டும் மையத்துக்கு வந்த மார்பர்க் சந்திப்பை விரிவாகவே பார்க்க வேண்டும். 1529 ஏப்ரலில் ஸ்பையர் பேரவையில் லூத்தரியச் சிற்றரசுகள் எதிர்ப்பு தெரிவித்த பிறகு, எஸ்ஸே நாட்டு இளவரசர் பிலிப், சுவிட்சர்லாந்து, ஸ்ட்ராஸ்பர்க் சீர்திருத்தக்காரர்களையும் சேர்த்து ஒரு கூட்டணி அமைக்க விரும்பினார். தடையாக இருந்தது நற்கருணைச் சண்டை. அக்டோபர் முதல் வாரத்தில் லூத்தர், மெலாங்டன் ஒரு பக்கமும், சூரிக்கின் சுவிங்கிலி, பாசெலின் ஒக்கலம்பாதியுஸ் மறுபக்கமுமாகத் தம் மார்பர்க் கோட்டையில் உட்காரவைத்தார். அதிகாரபூர்வக் குறிப்பு எடுக்கப்படவில்லை. கலந்துகொண்டவர்கள் எழுதிவைத்தவற்றிலிருந்தே நடந்தது நமக்குத் தெரிகிறது.

லூத்தர் தொடக்கத்திலேயே சுண்ணக்கட்டியை எடுத்து, கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைத் தம் உடல் என்று சொன்ன வார்த்தைகளை மேசைமேல் இலத்தீனில் எழுதி, வெல்வெட் விரிப்பால் மூடினார். அந்த வார்த்தைகளை விட்டுத் தாம் நகரப்போவதில்லை என்பதற்கு அடையாளம் அது. சுவிங்கிலியின் ஆயுதம் யோவான் 6:63. ஊன் உதவாது என்று இயேசுவே சொன்ன பிறகு, ஊனை வாயால் உண்பதில் என்ன பயன் என்பது அவர் கேள்வி. தாமே வாசல் என்றும் திராட்சைக்கொடி என்றும் இயேசு சொன்னதை யாரும் நேராக எடுப்பதில்லையே என்றும் அவர் தரப்பு கேட்டது. அந்த 63ஆம் வசனம் லூத்தரின் கழுத்தை முறித்துவிடும் என்று சுவிங்கிலி சொல்ல, இது எஸ்ஸே, சுவிட்சர்லாந்து அல்ல, இங்கே கழுத்துகள் அவ்வளவு சுலபமாக முறியாது என்று லூத்தர் சீறினார். அது தம் ஊர்ப் பேச்சு வழக்கு என்று சுவிங்கிலி சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

விவாதம் விண்ணேற்றத்துக்குப் போனது. உயிர்த்த உடல் தந்தையின் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறது. உடல் என்றால் ஓரிடத்தில்தான் இருக்கும். ஆகவே ஆயிரம் பீடங்களில் இருக்க முடியாது என்பது சுவிங்கிலி தரப்பு. இறைவனின் வலக்கரம் எங்கும் உள்ளது, அது ஓர் ஆசனத்தின் பெயர் அல்ல என்பது லூத்தர் முன்பே எழுதியிருந்த பதில். கவனியுங்கள்: இங்கே வலப்பக்கம் என்பதை நேர்ப்பொருளில் எடுப்பவர் சுவிங்கிலி, உருவகமாக எடுப்பவர் லூத்தர். நேர்ப்பொருள் கட்சி, உருவகக் கட்சி என்ற பிரிவினை ஒரே மேசையில், ஒரே நாளில் தலைகீழாகிவிட்டது.

இருவரையும் ஓட்டிய அச்சங்கள் வேறு வேறு. குருவானவரின் கையில் கடவுளை அடைக்கிற வழிபாடு சிலை வணக்கமாகிவிடும் என்பது சுவிங்கிலியின் அச்சம். அலைக்கழியும் மனச்சாட்சிக்குப் பற்றுக்கோடு ஆண்டவரின் வாக்கு ஒன்றே, அதையும் நம் அறிவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டால் நிற்க இடமில்லை என்பது லூத்தரின் அச்சம். இரண்டையும் நான் மதிக்கிறேன். பதினைந்து தீர்மானங்கள் எழுதப்பட்டன. பதினான்கில் முழு ஒப்புதல். பதினைந்தாவதிலும் மக்களுக்குக் கிண்ணம் உண்டு, திருப்பலி பிறருக்காகச் சம்பாதிக்கிற செயல் ஆகாது என்பவை ஏற்கப்பட்டன. உண்மையான உடலும் இரத்தமும் அப்பத்திலும் இரசத்திலும் உடல்வகையில் இருக்கின்றனவா என்ற ஒரு புள்ளி மட்டும் நின்றது. சுவிங்கிலி கண்ணீர் விட்டார் என்று பதிவு இருக்கிறது. சகோதரர் என்ற உறவைக் கொடுக்க லூத்தர் மறுத்தார். இரண்டு ஆண்டில் கப்பெல் போர்க்களத்தில் சுவிங்கிலி கொல்லப்பட்டார். லூத்தரிய, சீர்திருத்தத் திருச்சபைகள் ஒருவர் பந்தியில் மற்றவர் அமரலாம் என்று ஐரோப்பாவில் பொதுவாக ஒப்புக்கொண்டது 1973இல், லாயன்பர்க் உடன்பாட்டில்.

கத்தோலிக்கத் தரப்பு இதில் காட்டிய நிதானம் பலருக்குத் தெரிவதில்லை. 1562 ஜூலையில் திரிதெந்தின் பொதுச்சங்கம் கிண்ண விவகாரத்தை எடுத்தபோது, யோவான் 6ஐக் கொண்டே ஹஸ் கட்சியாருக்குப் பதில் சொன்னது: உண்டு பருக வேண்டும் என்று சொன்ன அவரே, இந்த அப்பத்தை உண்பவர் வாழ்வார் என்று அப்பத்தை மட்டும் சொல்லியும் வாக்களித்திருக்கிறார். 53க்குப் பக்கத்தில் 51ஐயும் 58ஐயும் வைத்தார்கள். அதே இடத்தில், அந்த அதிகாரத்தைத் திருச்சபைத் தந்தையரும் மறைவல்லுநரும் பலவாறு விளக்கியிருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு, எது சரியென்று தீர்ப்பு எழுதாமல் விட்டார்கள். குழந்தைகளுக்கு நற்கருணை அவசியமில்லை என்றவர்கள், பழங்காலத்தில் கொடுத்ததைக் குற்றமாகச் சொல்லவும் இல்லை. சாபங்கள் நிறைந்த ஆவணத்தில் இந்த இரண்டு இடங்களும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கிண்ணத்தின் கதவை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீண்டும் திறந்தது.

மறுமுனையில் இந்த அதிகாரத்தை வைத்தே பந்தியை முற்றாக விட்டவர்களும் உண்டு. குவாக்கர்களின் இறையியலாளர் ராபர்ட் பார்க்ளே 1676இல் வெளியிட்ட நூலில், யோவான் 6 பேசும் உணவு உள்ளான உணவு, வெளி அப்பம் நிழல்தான் என்று வாதிட்டார். இரட்சணிய சேனை 1883இல் திருவிருந்து நடத்துவதை நிறுத்தியது. இவர்கள் கட்டளையை மீறினார்கள் என்று மற்றவர்கள் குறை சொல்வது வழக்கம். ஆனால் யோவான் நற்செய்தியில் இராவுணவு நாளில் அப்பமும் கிண்ணமும் நிறுவப்பட்ட செய்தியே இல்லை. அந்த இடத்தில் இருப்பது 13ஆம் அதிகாரத்தின் பாதம் கழுவுதல். நீங்களும் அப்படியே செய்யக் கடமைப்பட்டவர்கள் என்று அங்கே தெளிவாகச் சொல்லப்படுகிறது. மெனோனைட்டுகளில் பலரும் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டுகளும் அதைக் கட்டளையாகவே கொண்டு திருவிருந்தோடு நடத்துகிறார்கள். கத்தோலிக்கர் பெரிய வியாழனன்று செய்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அதைத் தாழ்மைக்கு எடுத்துக்காட்டு என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு கட்டளை திருச்சடங்காகவும் இன்னொன்று எடுத்துக்காட்டாகவும் மாறியதற்கு வசனத்துக்குள் காரணம் கிடையாது. சபையின் வழக்கம்தான் காரணம்.

தமிழகத்துக்கு இந்தச் சண்டைகள் எல்லாம் மொத்தமாகக் கப்பலேறி வந்தன. 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது திரிதெந்தின் சங்கம் கூடவே இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லூத்தரன். ஆனால் ஆங்கிலிக்க அமைப்பான எஸ்.பி.சி.கே. அந்த லூத்தரன் மிஷனரிகளுக்குப் பணம் கொடுத்தது. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பணியாற்றிய சுவார்ட்ஸ் அப்படி அவர்களிடம் ஊதியம் பெற்ற லூத்தரனே. 1820களில் அந்தச் சபைகள் ஆங்கிலிக்கர் கைக்கு மாறின. மார்பர்க்கில் பிளவுக்குக் காரணமான புள்ளி இங்கே பெரிதாக எழவே இல்லை.

இங்கே எழுந்தது வேறு கேள்வி: கிண்ணத்தில் முதலில் வாய் வைப்பது யார்? வேளாளர் தனியே அமர்வதும் முன்னே வந்து பெறுவதும் தஞ்சாவூர்ச் சபைகளில் வழக்கமாக இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், பந்தியிலும் இருக்கையிலும் சாதி வேறுபாடு உடனே முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் கணிசமானோர் பின்னர் சாதி விஷயத்தில் கெடுபிடி காட்டாத லைப்சிக் லூத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த கார்ல் கிரால் அதன் இயக்குநர். சாதியைச் சமூக ஏற்பாடு என்று கொண்டு, அதைக் கட்டாயத்தால் ஒழிக்கக் கூடாது என்பது அவர் நிலை.

இந்த இடத்தில் 1 கொரிந்தியர் 11ஐ முழுதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. தம்மைச் சோதித்து அறியாமல், உடலை இன்னதென்று உணராமல் உண்பவர் தண்டனைத் தீர்ப்பை உண்கிறார் என்ற 28, 29ஆம் வசனங்களை ஐரோப்பா நூற்றாண்டுகளாகக் குழந்தைகளைத் தள்ளிவைக்கவும், அப்பத்தில் உடல் இருப்பதை நிறுவவும் பயன்படுத்தியது. பவுல் அதை எழுதிய காரணம் 20 முதல் 22 வரையுள்ள வசனங்களில் வெளிப்படையாகக் கிடக்கிறது: கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள்; இல்லாதவர்கள் பசியோடு நின்று அவமானப்பட்டார்கள். உணர வேண்டிய உடல் அந்தச் சபையும்தான் என்று இன்று பல மரபுகளின் விவிலிய அறிஞர்களும், குறிப்பாகத் தலித் இறையியலாளர்களும் சொல்கிறார்கள். அவர்கள் வேறெங்கோ தேடிப்போய் ஒரு வசனத்தைக் கொண்டுவரவில்லை. அதே பத்தியில், ஏழெட்டு வரி மேலே இருந்ததைப் படித்தார்கள்.

எல்லா விளக்கமும் சமம் என்று நான் சொல்லவரவில்லை. மார்பர்க்கில் இரண்டு தரப்புக்கும் வசனம் இருந்தது, பக்கத்தில் வைத்த வசனத்துக்கும் நியாயம் இருந்தது. அங்கே தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். தஞ்சாவூரில் அப்படி இல்லை. கிண்ணத்துக்கு வரிசை வகுத்தவர்கள், பவுல் அந்தப் பகுதியை எழுதிய காரணத்தையே ஒதுக்கிவிட்டுப் பந்திக்கு வந்தார்கள். அது மாற்று விளக்கம் ஆகாது, தவறான படிப்பு.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், சீர்திருத்த மரபினர் ஒரே பந்திக்கு வந்தார்கள். தமிழ் லூத்தரன்கள் இணையவில்லை, பேச்சுவார்த்தை மட்டும் தொடர்ந்தது. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். யோவான் 6ம் 1 கொரிந்தியர் 11ம் இப்போது இரு தரப்புக்கும் ஒரே தமிழில் கிடைக்கின்றன. பந்தி இன்னும் பொதுவாகவில்லை. கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்களும் நம்மிடையே இன்னும் இருக்கின்றன.